இரண்டாங்கட்டு வரை போன கம்பி

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் மூன்றாவது மரத்தூணை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி நான்கு ஆண்டுகள் கிடந்தது. காற்றுக்காகவோ வெளிச்சத்துக்காகவோ அம்மா அதை அங்கே போடவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அக்கா வீடியோவில் அழைக்கும்போது, முகம் உறைந்து நிற்காமல் தெரிகிற இடம் வீட்டின் பின்பாதியில் அது ஒன்றுதான். அடுப்பில் பால் இருக்கும்போது அழைப்பு வந்தால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, சமையற்கட்டிலிருந்து இரண்டாங்கட்டைக் கடந்து, அந்தத் தூணடிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். "இங்க வந்தாத்தான்டா அக்கா முகம் தெரியுது. அங்க குரல் மட்டும் வருது, அதுவும் விட்டு விட்டு" என்று ஒருநாள் சொன்னார். எழுபத்து நான்கு வயதில் இதற்காக அவர் நடக்க வேண்டியதில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த நடையை இல்லாமல் செய்ய எனக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பிடித்தது. இதுபோன்ற நீள வீடுகள் எங்கள் பக்கத்தில் இன்னும் நூற்றுக்கணக்கில் இருப்பதால், நான் செய்தவற்றையும் தவறவிட்டவற்றையும் விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

வீட்டின் அகலம் 19 அடி, நீளம் 130 அடி. வாசல் திண்ணை, ரேழி, கூடம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், இரண்டாங்கட்டு, சமையற்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிகளைப்போல் போய்க்கொண்டே இருக்கும். குறுக்குச் சுவர்கள் ஒன்றரை அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தவை. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு பொதுவானவை. இணைய நிறுவனத்தின் ஒளியிழை தெருக் கம்பத்திலிருந்து வாசல் வழியாக வந்ததால், அதைக் கொண்டுவந்த ஊழியர் ரூட்டரை ரேழியிலேயே, மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே, ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். பெரும்பாலான வீடுகளில் ரூட்டர் இருக்கும் இடத்தைத் தீர்மானிப்பது அந்த வீட்டில் வாழ்பவர்கள் அல்லர்; கம்பி எந்தச் சுவர் வழியாக உள்ளே நுழைகிறது என்பதே தீர்மானிக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். கைபேசியில் சமிக்ஞையின் வலிமையை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. அவை காட்டும் எண் டெசிபெல் கணக்கில், மைனஸ் குறியோடு இருக்கும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலிமை கூடுதல். ரேழியில் மைனஸ் 46, தூணடியில் மைனஸ் 66, இரண்டாங்கட்டில் மைனஸ் 76, சமையற்கட்டில் மைனஸ் 86 என்று எனக்குக் கிடைத்தது. இந்த எண்களைச் சாதாரணக் கழித்தலாகப் பார்க்கக் கூடாது. பத்து டெசிபெல் குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். ரேழிக்கும் சமையற்கட்டுக்கும் இடையே நாற்பது டெசிபெல் வேறுபாடு இருந்தது என்றால், ரேழியில் கிடைத்த ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. குரல் அழைப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் மைனஸ் 67க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வலையமைப்புப் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் எல்லை. கையில் எந்தக் கருவியும் இல்லாமல் அம்மா நாற்காலியைப் போட்டிருந்த இடத்தின் அளவு மைனஸ் 66. அந்த எண்ணைத் திரையில் பார்த்ததும் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நீளம் மட்டுமே காரணமாக இருந்தால் இவ்வளவு இழப்பு வராது. தடையில்லாத வெளியில் தொலைவு இரட்டித்தால் ஆறு டெசிபெல்தான் குறையும். மீதி இழப்பெல்லாம் சுவர்களின் கணக்கு. வைஃபை பயன்படுத்தும் இரண்டு முக்கிய அலைவரிசைப் பட்டைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. 5 பட்டை வேகமானது, அதில் நெரிசலும் குறைவு. ஆனால் கனமான சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள்ளேயே அது களைத்துவிடும். எங்கள் வீட்டில் ரேழியிலிருந்து புறப்பட்ட 5 பட்டை கூடத்தோடு நின்றுவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காரைச் சுவர் மழைநீரை உறிஞ்சி ஈரமாகிவிட்டால், 2.4 பட்டையும் மூன்று நான்கு டெசிபெல் கூடுதலாகக் குறைவதை அளந்திருக்கிறேன். நீர் இந்த அலைகளை உறிஞ்சக்கூடியது. உலோகமோ வந்த வழியே திருப்பிவிடும்.

முதலில் செய்ய வேண்டியதும் செலவு மிகக் குறைந்ததும் ரூட்டரை இடம் மாற்றுவதே. ஒளியிழையை ரேழியிலிருந்து கூடத்துக்கு முப்பதடி நீட்டித் தருமாறு கேட்டுக்கொண்டேன். ஊழியர் ஒரு பிற்பகலில் வந்து செய்துகொடுத்தார். ஒளியிழையைச் சுவர் மூலையில் செங்குத்தாக மடக்காமல், ஒரு வளைவு விட்டுக் கொண்டுபோக வேண்டும். இறுக்கி மடக்கினால் உள்ளே ஓடும் ஒளி கசிந்துவிடும். கூடத்தில் வசதியான அலமாரித் தட்டு ஒன்று இருந்ததால் அதில் ரூட்டரை வைத்தோம். பக்கத்தில் அம்மாவின் ஸ்டீல் பீரோ, ஆறடி உயரத்தில், கதவில் முழுநீளக் கண்ணாடியோடு. சமையற்கட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், ரூட்டருக்கும் வீட்டின் பின்பாதிக்கும் நடுவே அந்த பீரோ ஒரு தகரச் சுவராக நிற்பது உறைத்தது. ரூட்டரை ஆறடி தள்ளி, உத்திரத்துக்குச் சற்றுக் கீழே உயரத்தில் மாட்டினேன். சமையற்கட்டில் மைனஸ் 86 என்றிருந்தது மைனஸ் 77 ஆயிற்று. ஒரு ரூபாய் கருவியும் வாங்காமல் கிடைத்த ஒன்பது டெசிபெல், அதாவது ஏறக்குறைய எட்டு மடங்கு ஆற்றல். பீரோ, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கொசுவலை அடித்த சன்னல், கீழிறக்கிய ஷட்டர் ஆகியவற்றை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிப்பது நல்லது.

ஆனாலும் மைனஸ் 77 போதாது. அப்போதுதான் ரிப்பீட்டர் வாங்கினேன். கடைகளில் இதை எக்ஸ்டெண்டர் என்றும் பூஸ்டர் என்றும் சொல்வார்கள். ரூட்டரின் சமிக்ஞையைக் கேட்டுத் திரும்ப ஒலிபரப்பும், நேராகச் சுவர் பிளக்கில் செருகும் சிறிய கருவி. பெட்டியின்மேல் 300 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. சமிக்ஞை இல்லாத இடம் சமையற்கட்டு என்பதால் அங்கேயே செருகினேன். அம்மாவின் கைபேசியில் வைஃபை அடையாளம் முழுமையாக நிறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அக்காவை அழைத்தோம், பத்து நொடியில் படம் நின்றுவிட்டது.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். கைபேசியில் தெரியும் கோடுகள், கைபேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள உறவை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. நான் வைத்த இடத்தில் ரிப்பீட்டரே ரூட்டரின் பேச்சை அரைகுறையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. தான் கேட்ட அரைகுறையை உரத்த குரலில் அடுப்படியில் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சமிக்ஞை தீர்ந்துபோன இடம் ரிப்பீட்டருக்கு உரிய இடமன்று. சமிக்ஞை இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடமே அதற்கு உரியது. எங்கள் வீட்டில் அது இரண்டாங்கட்டின் வாயிலையொட்டிய பிளக். அங்கே மைனஸ் 62 கிடைத்தது.

அங்கே மாற்றியதும் நிலைமை தேறியது, ஆனால் தீரவில்லை. நாங்கள் கட்டணம் கட்டுவது நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு. சமையற்கட்டில் பகலில் இருபதுக்குப் பக்கம் கிடைத்தது; இரவு எட்டு மணிக்கு ஏழோ எட்டோதான். இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒரே வானொலி (அலையை அனுப்பவும் பெறவும் உதவும் உட்பகுதி) கொண்ட ரிப்பீட்டர், ரூட்டர் சொல்வதைக் கேட்கும்போது கைபேசியிடம் பேச முடியாது. கைபேசியிடம் பேசும்போது ரூட்டரைக் கேட்க முடியாது. ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் ஒரே அலைவரிசையில் இரண்டு முறை பயணம் செய்வதால் வேகம் பாதியாகிவிடுகிறது. ஒரு ரிப்பீட்டருக்குப் பின்னால் இன்னொன்றைச் செருகினால் அந்தப் பாதியும் மேலும் சிறுக்கும். பெட்டியில் இருந்த 300 என்பது ஆய்வுக்கூட நிலையில் இரு கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் உச்ச வேகம். வீட்டில் ஒருவர் கையில் கிடைக்கும் வேகமன்று.

இரண்டாவது காரணம் தெரு. பொதுச்சுவர் வீடுகளில் அண்டை வீட்டாரின் வலைகளும் நம் கூடத்துக்குள் இருக்கின்றன. ஒருநாள் இரவு இரண்டாங்கட்டில் நின்று எண்ணியபோது 2.4 பட்டையில் 21 வலைகள் தெரிந்தன. இந்தியாவில் இந்தப் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு வழி திறக்கப்பட்டது. அதில் 13 சேனல்கள் இருந்தாலும், ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். 21 வலைகளும் இந்த மூன்று பாதைகளில்தான் போயாக வேண்டும். ஒரே சேனலில் இருப்பவை ஒன்று பேசும்போது மற்றது காத்திருந்து, முறைவைத்துப் பேசும். 3, 4, 9 என்று இடைப்பட்ட சேனல்களில் இருப்பவற்றின் பேச்சோ, முழுமையாக விளங்காமல் இரு பக்கத்துக்கும் வெறும் இரைச்சலாகிவிடும். "எந்த சேனலில் கூட்டம் குறைவு" என்று தேடி 4ஐத் தேர்ந்தெடுப்பவர் தனக்கும் நன்மை செய்துகொள்வதில்லை, பக்கத்து வீட்டுக்கும் செய்வதில்லை. இப்படி நெரிந்து கிடக்கும் காற்றில்தான் என் ரிப்பீட்டர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்லிக்கொண்டிருந்தது. பற்றாக்குறையான ஒன்றையே இரட்டிப்பாகச் செலவழிக்கும் ஏற்பாடு எப்படி நிறைவு தரும்?

கம்பியில்லா வலையைப் பின்கட்டுக்குக் கொண்டுபோவதற்குக் காற்றை நம்பாமல் ஒரு கம்பியை இழுத்துவிடுவதே சரியான வழி என்ற முடிவுக்கு நான் வந்தது அப்போதுதான். சுவர்களைத் தாண்டும் வேலையைக் கம்பி செய்யட்டும்; கடைசி இருபதடியை மட்டும் அலை பார்த்துக்கொள்ளட்டும். கம்பியின் மறுமுனையில் நின்று புதிதாக ஒலிபரப்பும் கருவிக்குத்தான் ஆக்சஸ் பாயின்ட் என்று பெயர். ரூட்டர் வீட்டுக்கு ஒன்றுதான். ஆக்சஸ் பாயின்ட் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ரிப்பீட்டர் கேட்டதைத் திரும்பச் சொல்வது. ஆக்சஸ் பாயின்டுக்கோ தனக்கென்று ஒரு நேர்பாதை உள்ளது. என்னிடம் இருந்த ரிப்பீட்டரின் அடிப்புறத்திலேயே தரவுக் கம்பியைச் செருகும் ஈதர்நெட் துளை ஒன்று இருந்தது. அமைப்புப் பக்கத்தில் அதை ஆக்சஸ் பாயின்டாக மாற்றும் வசதியும் இருந்தது. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரையும் இப்படிப் பயன்படுத்தலாம். அதற்கு மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்: புது ரூட்டரிலிருந்து வரும் கம்பியைப் பழையதன் வான் (WAN, இணையம் உள்ளே வரும்) துளையில் செருகாமல் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருக வேண்டும், கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி சேவையை அணைத்துவிட வேண்டும், அதற்கு 192.168.1.2 போல முதல் ரூட்டரோடு மோதாத முகவரி ஒன்றை நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால், ஒரே வீட்டில் இருவர் முகவரி வழங்கத் தொடங்கி, சில கருவிகளுக்கு இணையம் கிடைத்தும் சிலவற்றுக்குக் கிடைக்காமலும் போகும். எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும்.

நகரில் மலிவாகக் கிடைத்த கம்பியை வாங்கி, சுவர் துளைக்க மனம் வராமல், கூடத்திலிருந்து மேலேற்றி மொட்டைமாடி வழியாகக் கொண்டுபோய்ச் சமையற்கட்டில் இறக்கினேன். அன்று மாலையே சமையற்கட்டில் 60 மெகாபிட் கிடைத்தது. இரவு நெரிசலிலும் நாற்பதுக்குக் குறையவில்லை. அதே கருவி, அதே பட்டை, அதே 21 அண்டை வலைகள். இடையில் ஒரு கம்பி வந்ததுதான் வேறுபாடு.

அந்த ஏற்பாடு ஐந்து மாதம் ஓடியது. அதற்குள் ஒரு குறை தெரிந்தது: மின்வெட்டு. கூடத்து பிளக் இன்வெர்ட்டரில் இருந்தது; சமையற்கட்டு பிளக் இன்வெர்ட்டரில் இல்லை. மின்சாரம் போனால் ரூட்டர் விழித்திருக்கும், பின்கட்டுக் கருவி அணைந்துவிடும். அம்மா மறுபடியும் தூணடிக்கு வருவார். அதற்குப் பிறகு ஐப்பசி மழை வந்தது. ஒருநாள் மாலை தெருக்கோடித் தென்னையின்மேல் இடி விழுந்தது. எங்கள் வீட்டின்மேல் எதுவும் விழவில்லை. ஆனால் மொட்டைமாடியில் அறுபதடி நீளத்துக்குத் திறந்துகிடந்த கம்பியில் அந்த மின்னல் தூண்டிய மின்னழுத்தமே போதுமானதாக இருந்தது. ரூட்டரின் ஒரு லேன் துளையும் மறுமுனையில் இருந்த ரிப்பீட்டரின் ஈதர்நெட் துளையும் செத்துப்போயின. கம்பி வாயிலாக வந்த அந்த அதிர்ச்சி ஒருவர் கையில் பாயாமல் கருவியோடு நின்றதற்காக இன்றும் நிம்மதியடைகிறேன். திறந்த வெளியில், மாடியில், இரு கட்டடங்களுக்கு இடையில் செம்புக் கம்பியை இழுக்காதீர்கள். இரண்டு கட்டடங்களை இணைத்தே ஆக வேண்டுமானால், உலோகமே இல்லாத ஒளியிழையை இழுத்து, இரு முனையிலும் ஒளியையும் மின்சமிக்ஞையையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசித்தேன். பழைய கம்பியின் ஒரு முனையை வெட்டி, உள்ளிருக்கும் மெல்லிய கம்பி ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம். உள்ளே வெள்ளி வெளேரென்று அலுமினியம். செம்புப் பூச்சு மட்டும் கொடுத்த அலுமினியக் கம்பி அது. அதற்கு மின்தடை கூடுதல். இரண்டு முறை வளைத்தால் முறியும். அதன்வழியே மின்சாரமும் அனுப்ப நேர்ந்தால் சூடாகும். வாங்கும்போது சுருளைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், முழுச்செம்பு கனக்கும். இம்முறை கேட்6 எனப்படும் தரவுக் கம்பியை, முழுச்செம்பில், கடைக்காரர் முன்னிலையிலேயே சுரண்டிப் பார்த்து வாங்கினேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாத்தே வாங்குங்க சார், நல்லதுதான்" என்றார்.

கம்பியை வீட்டுக்கு உள்ளேயே, தாழ்வாரத்து உத்திரத்தை ஒட்டி, மரநிறத்துக்கு ஒத்த பிவிசி பட்டைக்குள் கொண்டுபோனோம். இரண்டு குறுக்குச் சுவர்களில் மட்டும் துளை போட வேண்டியிருந்தது. எங்களுக்கு வழக்கமாக மின்வேலை பார்ப்பவர், மின்கம்பிகள் ஓடும் குழாயிலேயே இதையும் விட்டுவிடலாம் என்றார். வேலையும் மிச்சம், அழகும் கெடாது என்பது அவர் எண்ணம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 230 வோல்ட் கம்பியும் தரவுக் கம்பியும் ஒரே குழாயில் போகவே கூடாது. ஒரு காப்பு உரிந்தால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் இணையாக ஓடுவதானாலும் ஓரடியாவது விலக்கம் வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். விளக்கிச் சொன்னதும் அவர் தனிப்பட்டை அடித்துக்கொடுத்தார். மொத்த நீளம் 75 அடி. இவ்வகைக் கம்பிக்கு எல்லை 100 மீட்டர் என்பதால் எந்த வீட்டுக்கும் நீளம் ஒரு தடையாக இராது.

முனைகளை நானே கிரிம்ப் செய்தேன். எட்டு இழைகளையும் பிரித்து, நேராக்கி, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று வரிசைப்படுத்தி, ஒரே மட்டமாக நறுக்கி, கனெக்டருக்குள் செலுத்தி அழுத்த வேண்டும். முதல் முறை இணைத்தபோது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகம் 1000 மெகாபிட் என்று வராமல் 100 என்றே வந்தது. கம்பியைக் குறைசொல்லாமல் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்; எட்டாவது இழையான பழுப்பு, கண்ணாடிபோன்ற அந்தப் பிளாஸ்டிக்கின் முனை வரை எட்டாமல் அரை மில்லிமீட்டர் பின்தங்கி நின்றது. 100 வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை இணைகளே போதும். நீலமும் பழுப்பும் சேர்ந்தால்தான் 1000. ஆகவே பழுப்பு தொடாத கம்பி வேலை செய்வதுபோலவே தோன்றி, கிடைக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நறுக்கிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்ததும் 1000 வந்தது. உங்கள் வீட்டில் காரணம் தெரியாமல் வேகம் 94ஐத் தாண்டவில்லை என்றால் இந்த இழைகளை ஒருமுறை பாருங்கள்.

மின்வெட்டுக்கும் அந்த ஒரே கம்பியே தீர்வாயிற்று. ஈதர்நெட் கம்பியின் வழியாகத் தரவோடு மின்சாரத்தையும் அனுப்பும் முறைக்குப் பிஓஇ என்று பெயர். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தின்படி ஒரு கம்பியில் 15.4 வாட் வரை கொடுக்கலாம். வீட்டு ஆக்சஸ் பாயின்ட் ஒன்றுக்கு இது தாராளம். கூடத்தில் இன்வெர்ட்டர் பிளக்கில், கம்பிக்குள் மின்சாரத்தை ஏற்றும் சிறிய இன்ஜெக்டர் ஒன்றை வைத்து, இரண்டாங்கட்டுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே உத்திரத்தடியில் பிஓஇ ஆக்சஸ் பாயின்டை மாட்டினேன். அதற்குத் தனி பிளக் வேண்டியதில்லை. ரூட்டர் விழித்திருக்கும்வரை அதுவும் விழித்திருக்கும். வாங்கும்போது இரு கருவிகளும் அந்தத் தரத்தைச் சேர்ந்தவைதாமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். தரத்துக்கு உட்பட்ட இன்ஜெக்டர், எதிர்முனையில் இருக்கும் கருவி மின்சாரம் ஏற்குமா என்று சோதித்த பிறகே கொடுக்கும். தரத்துக்கு உட்படாத பேஸிவ் வகையோ எதையும் கேட்காமல் கம்பியில் மின்சாரத்தை ஏற்றிவிடும். மின்வெட்டு அன்றாடமாக இருக்கும் ஊர்களில் ஆக்சஸ் பாயின்டுக்காகச் சொல்லப்படும் காரணங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். வேகத்தைப் பற்றிய பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

கருவியைப் பொருத்தியதோடு வேலை முடியவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை வைத்தேன். சேனல்களை மட்டும் பிரித்தேன்: 2.4 பட்டையில் ரூட்டருக்கு 1, பின்கட்டுக்கு 11. 5 பட்டையில் ரூட்டருக்கு 36, பின்கட்டுக்கு 149. 5 பட்டையில் நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு விரிவாக இடம் திறந்துவிடப்பட்டதால் அங்கே நெரிசல் குறைவு. ஒன்றரை அடிச் சுவர்கள் அண்டை வீட்டு 5 பட்டையை வெளியிலேயே நிறுத்திவிடுவதால் அது எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது. முன்பு எந்தச் சுவரைக் குறைசொன்னேனோ, அதுவே இப்போது ஒவ்வொரு கட்டையும் தனி அறையாகக் காத்துக்கொடுக்கிறது.

இருந்தும் முதல் வாரம் அம்மா ஒரு குறை சொன்னார். கூடத்தில் தொடங்கிய அழைப்போடு சமையற்கட்டுக்கு நடந்தால் படம் பழையபடி நின்றது. காரணம், எந்த ஆக்சஸ் பாயின்டோடு இணைவது என்பதை வலை தீர்மானிப்பதில்லை, கைபேசியே தீர்மானிக்கிறது. பல கைபேசிகள், பிடித்துக்கொண்டிருக்கும் சமிக்ஞை மைனஸ் 70ஐ ஒட்டிக் குறைந்த பிறகே அடுத்ததைத் தேடத் தொடங்குகின்றன. பக்கத்தில் வலுவான ஒன்று இருக்கும்போதும் தூரத்துப் பழையதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து, கேட்பவருக்கு முரணாகத் தோன்றினாலும், ஒலிபரப்பு ஆற்றலைக் குறைப்பதுதான். ரூட்டரின் ஆற்றலை நடுத்தரத்துக்கு இறக்கினேன், பின்கட்டிலும் அவ்வாறே. இரண்டின் எல்லைகளும் தூணடிக்கருகே சிறிது மட்டும் ஒன்றையொன்று தொட்டன. அந்த இடத்தைக் கடக்கும்போது கைபேசி தானாகக் கைமாறிக்கொள்ளத் தொடங்கியது. ஆற்றலை உச்சத்தில் வைப்பதால் இன்னொரு பயனின்மையும் உண்டு: ரூட்டர் உரக்கப் பேசினாலும் கைபேசியின் சிறிய ஆன்டெனா அதே அளவு உரக்கப் பதில் சொல்ல முடியாது. உரையாடலுக்கு இரு பக்கமும் கேட்க வேண்டும்.

வீட்டில் பல இடங்களில் வைத்தால் தங்களுக்குள் பேசி ஒரே வலையாக இயங்கும் மெஷ் கருவிகளை வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். அவற்றின் மென்பொருள் நன்றாகவே இருக்கிறது. ஒரே செயலியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் கம்பி இல்லாமல் வைத்தால் அவையும் தங்களுக்குள் அந்த ஒன்றரை அடிச் சுவர் வழியாகத்தான் பேசிக்கொள்ள வேண்டும். மூன்று வானொலி கொண்டவற்றில் ஒன்றைத் தங்கள் பேச்சுக்கென்றே ஒதுக்கிவைப்பதால் வேகம் பாதியாவது தவிர்க்கப்படும், சுவர் தவிர்க்கப்படாது. மெல்லிய சுவர் கொண்ட அடுக்குமாடி வீட்டில் நான் தயங்காமல் மெஷ்ஷைப் பரிந்துரைப்பேன். காரைச் சுவர் வீட்டில் அதன் பின்னாலும் ஒரு கம்பியைச் செருகிக்கொடுங்கள். மின்கம்பி வழியாகவே தரவு அனுப்பும் அடாப்டர்களை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி முயன்றேன். எங்களுடையது மும்முனை இணைப்பு, கூடமும் சமையற்கட்டும் வெவ்வேறு முனையில் இருந்தன. கிணற்று மோட்டார் ஓடும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரைத் துளைக்க முடியாது. அவர்களுக்குத் தட்டைக் கம்பி கிடைக்கிறது. கதவிடுக்கிலும் தரையோரத்திலும் ஒட்டிக்கொண்டு போகும், காலிசெய்யும்போது சுருட்டி எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இயலாதபோது ரிப்பீட்டரே துணை. அப்போது இரண்டு பட்டையும் கொண்டதாகப் பார்த்து வாங்கி, ரூட்டரோடு 5 பட்டையிலும் கைபேசிகளோடு 2.4 பட்டையிலும் பேசும்படி அமைத்தால் அந்தப் பாதி இழப்பு பெருமளவு குறையும். ரிப்பீட்டரை நான் வெறுக்கவில்லை. இடியில் ஈதர்நெட் துளையை இழந்த என் பழைய ரிப்பீட்டரின் வானொலிப் பகுதி நன்றாகவே இருந்தது. விடுமுறைக்கு வரும் அக்கா மகன் படிப்பதற்காக மாடியறையில், படிக்கட்டு வழியாக மைனஸ் 58 கிடைக்கும் மூலையில், இப்போது அது இருக்கிறது. "மாமா, இங்க நல்லாவே எடுக்குது" என்றான். பாடம் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் அது போதும்.

எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்தேன். கூடத்தில் மைனஸ் 45, தூணடியில் மைனஸ் 60, இரண்டாங்கட்டில் மைனஸ் 50, அடுப்படியில் மைனஸ் 52. கிணற்றடியில் மைனஸ் 68, துணி உலர்த்தும் நேரத்துப் பேச்சுக்கு அது தாங்கும். பிரம்பு நாற்காலி இப்போது சமையற்கட்டு வாசலில் இருக்கிறது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, கைபேசியை அம்மியின்மேல் சாய்த்துவைத்து அக்காவோடு பேசுகிறார்.

நான் ஊரில் இல்லாதபோது ஏதாவது நின்றுபோனால் யாரும் திணறக் கூடாது என்பதற்காக, இரண்டு கருவிகளின் முகவரி, நான்கு சேனல் எண்கள், கம்பி எந்த உத்திரத்தை ஒட்டிப் போகிறது, எந்த இரண்டு சுவர்களில் துளை இருக்கிறது, இன்ஜெக்டரில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கூடத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய தேதியை அம்மா தம் கையெழுத்தில் சேர்த்து எழுதிவருகிறார்.